வாசலில் குவிந்த செருப்புகள்

மைனி,

நேற்று உங்களுக்கு இரங்கல் கூட்டம். மும்பைத் தாராவியில் நம் ஊர்ச் சங்கக் கூடத்து வாசலில் பெண்களின் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அந்த மலையை ஏறி இறங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. முப்பது வருஷம் செயலாளராக முழங்கியவன் நான். என் சாவுக்கு இதில் கால்வாசியாவது வருமா? வயிறு எரிந்தது. அண்ணன் மனைவி என்றும் பாராமல் எரிந்தது.

அந்நாளில் பெண்கள் அந்தப் படியைத் தாண்டக்கூடாது. புருஷன் அடித்தாலும் அவளுக்காக ஓர் ஆண்தான் உள்ளே முறையிட வேண்டும். அண்ணன் தம்பி இல்லாதவர்களுக்கெல்லாம் நான்தான் வாய். நான் பேச எழுந்தால் மாட்டுங்காவில் ரயில் நின்று கேட்கும்!

புருஷனிடம் அடிபட்டு வந்த அப்பளம் போடும் செல்விக்காக ஒருநாள் பேசினேன். மூவேந்தரையும் பேச்சுக்குள் அழைத்துவந்து உட்காரவைத்து முக்கால் மணி நேரம். வெளியே அவளோடு நின்ற நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தீர்கள்.

“கொழுந்தனாரே, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடும். அவ கேக்கது என்னன்னு உமக்குத் தெரியுமா?”

தெரியாது. நான் அவளிடம் கேட்கவே இல்லையே!

“பொம்பளையள் உள்ள வரப்படாது” என்று தலைவர் எழுந்தார்.

“அதான் வந்துட்டம்லா. ஏளா செல்வி, நீயும் வா. உன் வாய் உங்கிட்டதான இருக்கு?”

செல்வி படியைத் தாண்டி வந்தாள். “அந்த மனுசன் வேண்டாம். ரூம் சாவி வேணும். பிள்ளையளோட நான் இருந்துக்கிடுவேன்.”

அவ்வளவுதான். என் மூவேந்தரும் எழுந்து போனார்கள். அன்று சாயங்காலமே சங்கம் அவள் புருஷனிடமிருந்து சாவியை வாங்கிக் கொடுத்தது.

அதன்பின் தூரத்து மான்குர்திலிருந்துகூடப் பெண்கள் உங்களைத் தேடி வந்தார்கள். என் வீட்டுப் பக்கம் ஓர் ஈகூட எட்டிப் பார்க்கவில்லை. நீங்களோ, “உம்ம பேச்சைக் கேக்க ஆளில்லன்னா சொல்லும், நான் வந்து கேக்கேன்” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

நேற்று ஒவ்வொருத்தியும் எழுந்து தன் கதையைத் தானே சொன்னாள். கடைசியில் செல்வி, இப்போது அவள்தான் சங்கத் தலைவி, என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, ரெண்டே நிமிசம்.”

பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பிரித்தால், ஆரம்பத்திலேயே மூவேந்தர்! மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

“எனக்கு மைனி மேல பொறாமை. இன்னும் போகல. அவிய இல்லாம யாருகிட்டப் போய்ப் பொறாமைப்படன்னும் தெரியல.”

கூடம் சிரித்தது. பிறகு அழுதது. என் முப்பது வருஷப் பேச்சில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அந்தச் சிரிப்பும் அழுகையும்கூட உங்களுக்குத்தான் என்பது எனக்குத் தெரியாதா?

பன்னிரண்டு பக்கமும் இன்னும் பையில்தான் இருக்கின்றன. கேட்க வருவதாகச் சொன்னவர் நீங்கள்தானே, மைனி?