அத்தாவின் ரீஃபண்ட் இன்னும் வரவில்லை

பிரியமுள்ள அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நீங்கள் ஸலாம் சொல்லிவிடுவீர்கள். நான் ஒருநாளும் முந்திக்கொண்டதில்லை. இப்போது போட்டிக்கு ஆளில்லாமல் நானே முதலில் சொல்கிறேன். ஜெயித்த மாதிரியே இல்லை.

நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இல்லை அத்தா, ரீஃபண்ட் இன்னும் வரவில்லை.

தினமும் பார்க்கிறேன். காலைத் தொழுகை முடிந்து டீ டம்ளரோடு உட்கார்ந்து, ஃபோனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து, வருமான வரி இணையதளத்தைத் திறப்பீர்களே, அதே இடத்தில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். உங்கள் பாஸ்வேர்டு தெரியாமல் இருக்குமா எனக்கு? அது உங்கள் மகளின் பெயர்தானே.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறையில் சிஎன்சி இயந்திரம் நின்றாலும் அதைப் பழுது பார்க்க ஓடுவது உங்கள் வேலை. எங்கேயும் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு பில்லிலும் வரி என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். வரி கட்டும் அளவுக்கு நமக்கு வருமானமே இல்லை என்று வருடாவருடம் கணக்கு தாக்கல் செய்து, பிடித்ததைத் திரும்ப வாங்குவீர்கள். "அரசாங்கத்துக்கிட்ட சீட்டு கட்டறேன்ம்மா. ஏலம் எடுக்க முடியாது, அவ்வளவுதான்" என்று சிரிப்பீர்கள்.

இந்த வருடம் சீட்டு வர நாளானது. தினமும் அதே வரி: பரிசீலனையில் இருக்கிறது. அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் இல்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அன்று கிளம்பினீர்கள். உங்கள் நண்பர் செல்வம் மாமாவின் லேத் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அவர்தான் உங்களை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

உங்களுக்கான தொழுகைக்கு முன்னால், பள்ளிவாசலில் எல்லோரும் வரிசையில் நின்றபோது, பெரியத்தா முன்னால் வந்து கேட்டாராம். "என் தம்பி யாருக்காச்சும் ஏதாச்சும் தர வேண்டியிருந்தா எங்கிட்ட சொல்லுங்க. இனிமே அது என் பொறுப்பு." நம்மில் யார் இறந்தாலும் மையத்தை வைத்துக்கொண்டு கேட்பதுதான். ஆனால் பெரியத்தா அதைச் சடங்குக்காகக் கேட்கவில்லை. உங்கள் தலையில் ஒரு நாள்கூடக் கடன் இருக்கக்கூடாது என்று அவருக்குத் தவிப்பு. டீக்கடை, கறிக்கடை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் இருந்ததை எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிட முடிவு செய்தார்கள். நாமினி அம்மாதான். அம்மா இத்தாவில் இருந்தாள். கணவர் மவுத்தான பின் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகக்கூடாது, வெளி ஆண்களைப் பார்க்கக்கூடாது. அதனால் வங்கியிலிருந்து ஒரு பெண் ஊழியர் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிப்போனார். பெரியத்தா பைசா பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கணக்கையும் மூடிவிட்டு வந்து, "என் தம்பி இப்ப லேசா இருப்பான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் யாருக்குத் தர வேண்டும் என்று கேட்டார்கள். உங்களுக்கு யார் தர வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை அத்தா.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது அந்த வரி மாறியிருந்தது. ரீஃபண்ட் அனுப்பப்பட்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி: கணக்கு மூடப்பட்டிருந்ததால் பணம் திரும்பிவிட்டது.

பெரியத்தாவுக்கு ஃபோன் போட்டேன். விவரத்தைச் சொன்னேன். பிறகு, "கடனை அடைக்கத்தானேம்மா மூடினேன்?" என்றார். யாரையோ கேட்பது மாதிரி இருந்தது.

அன்றைக்குத்தான் அம்மா எனக்கு இன்னொன்றைச் சொன்னாள். பள்ளிவாசலில் பெரியத்தா கேட்டபோது வாய் திறக்காத ஒருவர் வரிசையின் ஓரத்தில் நின்றிருந்தார். செல்வம் மாமா. என்னைப் பிளஸ் ஒன் சேர்க்க நீங்கள் அவரிடம்தான் கடன் வாங்கியிருக்கிறீர்கள். ரீஃபண்ட் வந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது வந்துவிடும் என்று நம்பி அம்மாவும் பெரியத்தாவிடம் சொல்லாமல் இருந்துவிட்டாள். அட்மிஷன் அன்று ஃபீஸ் ரசீதை விசிறி மாதிரி வீசிக்கொண்டே வந்தீர்களே. ஏன் என்னிடம் சொல்லவில்லை அத்தா?

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வம் மாமா வந்தார். அம்மா இத்தாவில் இருந்ததால் நடுக்கதவுக்குத் திரை போட்டிருந்தோம். அவர் வாசல் படியில், அம்மா திரைக்குப் பின்னால், நடுவில் நான். இருவருக்கும் எல்லாம் நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வழியாகத்தான் பேசினார்கள். என்னை மாமா எப்போதும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா டீச்சரம்மா, ஃபோன நோண்டிக்கினு கீற? புக்கு எங்க?"

"ஸ்டேட்டஸ் பார்க்கிறேன் மாமா."

"பாய் வேலைய நீ எடுத்துக்கினியா? சம்பளம் இன்னா?"

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா, "ரீஃபண்ட் திரும்பிப் போயிடுச்சு, அவரு பணம் லேட்டாகும்னு சொல்லு. மறைக்காம சொல்லு" என்றாள்.

நான் திரும்புவதற்குள் அவரே, "கேட்டுச்சு, கேட்டுச்சு. காது இன்னும் அவுட்டாவல. தங்கச்சியாண்ட சொல்லு, நான் பணத்துக்கு வர்ல. உன்னப் பாக்க வந்தேன்" என்றார்.

"அன்னிக்கு பள்ளிவாசல்ல கேட்டப்போ ஏன் சொல்லலைன்னு கேளு."

"மையத்த வெச்சிக்கினு துட்டு கேப்பாங்களா? இன்னா தங்கச்சி இது! ரீஃபண்டு வந்தா தரேன்னாரு பாய். வரட்டும். வர்லன்னா பாய் மேல இன்னா தப்பு கீது? கவர்மென்ட்டு மேலதான் தப்பு."

"வண்டி எங்கன்னு கேளு. சத்தமே வரலியே."

"சர்வீஸுக்கு வுட்டுகீறேன்."

"போன தடவையும் சர்வீஸ்னுதான் சொன்னாரு. இவ்வளவு நாள் சர்வீஸ் பண்ண அதென்ன பைக்கா, பிளேனான்னு கேளு."

செல்வம் மாமா சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. சட்டையின் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அம்பத்தூரிலிருந்து பஸ் மாறி வந்து, கரையான்சாவடியில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார். குரலைத் தாழ்த்தி, "லேத்துக்குத் தவணை கட்ட வண்டியக் குடுத்துட்டேன் கண்ணு. அம்மாவாண்ட சொல்லாத" என்றார். திரை அசைந்தது. அம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

நான் இருவரையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஃபீஸ்தானே அந்த வண்டி?

செல்வம் மாமாதான் பேசினார். "தோ பாரு டீச்சரம்மா. எனக்கு வந்துருச்சுன்னு எழுதிக்கோ. நான் வுட்டுட்டேன். பாய்க்கு அங்க கணக்கு முடிஞ்சிரும்ல? இல்ல, மேலயும் ஸ்டேட்டஸ் பாத்துக்கினு கீறாங்களா?"

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அவரு மன்னிச்சா முடிஞ்சுடும்தான்" என்றாள். "ஆனா வண்டிய வித்துட்டு மன்னிக்கறத நான் எப்படி வாங்கிக்கறது? அதையும் கேளு."

நான் கேட்கவில்லை அத்தா. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வரேன் கண்ணு" என்று போய்விட்டார்.

மறுநாள் மெயின் ரோட்டில் வரிக்கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றுக்குப் பெரியத்தாவோடு போனேன். அங்கே இருந்த அக்கா என் கையிலிருந்த உங்கள் ஃபோனை வாங்கிப் பார்த்தார்.

"அப்பா லாகின்லயேவா இத்தனை நாளும் பாத்துட்டிருந்த?"

"ஆமாக்கா."

"அப்படிப் பாக்கக்கூடாதும்மா. அவர் இல்லைன்னு முதல்ல அவங்களுக்குச் சொல்லணும். உங்க அம்மா வாரிசா பதிவு பண்ணணும். அப்புறம் அம்மா கணக்குக்குத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேக்கலாம். அம்மாவுக்கு பான் கார்டு இருக்கா?"

இல்லை. வாரிசுச் சான்றிதழும் இல்லை. ஆனால் எனக்கு உறைத்தது அது அல்ல. அந்த இணையதளத்துக்கு நீங்கள் இன்னும் மவுத்தாகவில்லை. ஒவ்வொரு காலையும் உங்கள் பெயரைச் சொல்லி அது நல்வரவு கூறிக்கொண்டிருந்தது. உலகத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் டீ டம்ளரோடு உட்கார்ந்துகொண்டே இருந்திருக்கிறீர்கள்.

இத்தா முடியட்டும், பிறகு தாலுகா ஆபீஸ் போகலாம் என்றார் பெரியத்தா. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "தேவைக்குப் பகல்ல போயிட்டு, பொழுது சாஞ்சு மக்ரிப் ஆகறதுக்குள்ள திரும்பிடலாம்னு பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லிட்டாரு, மச்சான். கடன அடைக்கறதவிட வேற என்ன தேவை?" என்றாள். நம் அம்மா அத்தா, கறிக்கடைக்கு வழி கேட்டாலே உங்களைத் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொள்ளும் அம்மா! பெரியத்தா மறுபேச்சில்லாமல் ஆட்டோ பிடித்து வந்தார். தாலுகா ஆபீஸில் ஒருவர், "இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தீங்க?" என்று சலித்துக்கொண்டார். பெரியத்தா முன்னால் வந்து, "நான்தாங்க தப்பு பண்ணேன். இவங்களச் சொல்லாதீங்க" என்றார். அவர் தப்பா செய்தார்? உங்கள்மீது இருந்த பிரியத்தில் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழ் வந்தது. அம்மாவுக்குப் பான் கார்டும் வந்தது. அதில் அம்மாவின் அத்தா பெயர்தான் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பதிவு செய்யும்போது ஓர் இடத்தில், உங்களுக்குப் பதிலாக அம்மா வருவதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் விரலை ஃபோன் திரைக்கு மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஃபோனை என்னிடமிருந்து வாங்கினாள். "நீ எழுந்து போ. தண்ணி குடிச்சுட்டு வா" என்றாள். குடித்துவிட்டு வந்தபோது முடித்திருந்தாள். அதன் பிறகு உங்கள் பாஸ்வேர்டை நான் போடவில்லை. அம்மாவின் பெயரில் உள்ளே போய், வாரிசு என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பெயர் வருகிறது. நல்வரவு இப்போது அம்மாவுக்கு.

அம்மாவின் கணக்குக்குப் பணத்தைத் திரும்ப அனுப்பக் கேட்டிருக்கிறோம். ஸ்டேட்டஸ் மறுபடியும் அந்தப் பழைய வரிக்கே வந்துவிட்டது: பரிசீலனையில் இருக்கிறது. புகார் ஒன்றும் போட்டிருக்கிறேன். அதற்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் அதுவும் பரிசீலனையில்தான் இருக்கிறது. எவ்வளவு நாள் ஆகும் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். "வரும்போது வரும்மா" என்றார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும்போது பயமாக இருக்காது.

அம்மாவின் இத்தா முடிந்துவிட்டது. திரையைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். செல்வம் மாமா அதற்குப் பிறகு வரவில்லை. திரை இல்லாத வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது என்று அவருக்கும் தயக்கமாக இருக்குமோ? பெரியத்தா தன் கைப்பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தும் அவர் வாங்கவில்லையாம். "பாய் ரீஃபண்ட்லதான் தரேன்னாரு. அவரு வாக்க நீ ஏன் மாத்தற?" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

நேற்று உங்கள் சிம்முக்கு ரீசார்ஜ் முடியப்போகிறது என்று செய்தி வந்தது. ஓடிபி எல்லாம் இப்போது அம்மாவின் நம்பருக்குத்தான் வருகிறது. அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும், "எதுக்கும் போட்டு வைம்மா. ஏதாச்சும் ஓடிபி வந்தாலும் வரும்" என்றாள். நானும், "ஆமாம்மா, வந்தாலும் வரும்" என்று போட்டுவிட்டேன்.

அத்தா, ஒரு வாக்கு தருகிறேன். பணம் வருகிற அன்று நானும் அம்மாவும் அம்பத்தூருக்குப் பஸ் ஏறுவோம். பட்டறை வாசலில் நின்று, நடுவில் நான் இல்லாமல், அம்மாவே அவர் கையில் கொடுப்பாள். பள்ளிவாசலில் பெரியத்தா கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் அதே கேள்வியைக் கேட்பேன். "பாய் எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல" என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட கையோடு நீங்கள் அடங்கியிருக்கும் கபர்ஸ்தான் மதில் ஓரமாக வந்து நின்று உங்களுக்குச் சொல்வேன். அதுவரைக்கும் காலையில் உங்கள் இடத்தில் உட்கார்ந்து ஸ்டேட்டஸ் பார்க்கும் வேலை என்னுடையது. சம்பளத்தை என் பிளஸ் ஒன் ஃபீஸாக நீங்கள் முன்பணமாகவே கட்டிவிட்டீர்கள்.

பதில் ஸலாமுக்குக் காது கொடுத்திருக்கும்
உங்கள் மகள்,
ஷமீமா