எனக்கு மட்டும் அடிக்கிற நாற்றம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மார்பில் வந்த கட்டிக்குக் கீமோ ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து மூக்கில் ஓயாத மருந்து நாற்றம். என் உடம்பிலிருந்துதான் வீசுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று சாயங்காலம் அது தாங்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் முகம் சுளிப்பார்களே என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் வந்து கதவை இடித்தாள். "இன்னாக்கா, உள்ளயே குந்திகினு கீற? மணலி ஃபேக்டரி பக்கத்துலேர்ந்து கேஸ் நாத்தம் வருது. தெருவே வெளிய நிக்குது, வா!"

"கேஸா? என் மேலதான் வீசுதுன்னு நெனச்சேன்."

அவள் தன் துப்பட்டாவை என் மொட்டைத் தலையில் போட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தெருவில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள், திட்டினார்கள். எழுதவே வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு அடிக்கிற நாற்றம் அவர்களுக்கும் அடித்தது.

காற்று மாறியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது மறுபடியும் அடிக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்து, யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கதவும் திறக்கவில்லை.