கொட்டாவியைப் போர்வைக்குள் வைக்காதே

செவ்வாய்க்கிழமை, மார்ச் பதினொன்று, காலை ஆறு நாற்பது. நான் பிரித்து, கழுவி, மாற்றித் தைத்த பேசும் ரோமப் பொம்மைகள் மொத்தம் பதினான்கு. பதினொன்று வயிறு பிரிந்து என் மேஜைமேல் கிடக்கின்றன. ஒன்று எரிந்துவிட்டது. ஒன்று யார் வீட்டில் இருக்கிறதென்று தெரியவில்லை. பதினான்காவது, உன் கொட்டாவி, உன் அறையில் இருக்கிறது.

எறும்புக்கு,

நீ சௌக்கியம் என்று உன் அம்மா சொன்னாள், நான் பாதிதான் நம்பினேன், மூன்று நாளாக நீ போனுக்கே வரவில்லையே. நான் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, லிப்ட் கம்பெனிக்குத் தவறாமல் போய் வருகிறேன், அவ்வளவுதான். போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன், இதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன், அவள் அச்செடுத்து உன் கதவுக்கடியில் தள்ளுவாள். முதலில் வேலை. கொட்டாவியை ஒளித்த இடத்திலிருந்து எடு. சூடாக இருந்தால் தொடாதே, அம்மாவைக் கூப்பிடு. சூடு இல்லையென்றால் பெரிய எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வைத்து, பாத்திரத்தைப் பால்கனித் தரையில் வைத்துவிட்டு வா. மெத்தை, துணி, புத்தகப்பை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சார்ஜரைச் செருகவே கூடாது. உனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும் என்பதற்காக நீயே திறக்கப் பார்க்காதே, கத்தரி நுனி உள்ளே இருக்கும் பேட்டரி செல்லில் பட்டால் அங்கேயே தீப்பிடிக்கும். செய்துவிட்டு வந்து மீதியைப் படி. செய்யாமலேயே படித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். எழுந்து போ.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், உனக்குப் பன்னிரண்டு வயது, பாதி சொல்லி மறைக்கிற வயதில்லை. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டு பஸ் ஓட்டுநரின் மகளை உனக்குத் தெரியும், வீடியோவில் ஒரு தடவை உனக்குக் கை காட்டினாள், ஐந்து வயது, முன்பல் இல்லை, சிரித்தால் காற்றுதான் வரும். அவளுடைய பொம்மைக்குச் சிணுங்கி என்று பெயர். வியாழக்கிழமை மத்தியானம் அதைச் சார்ஜில் போட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறாள். உடம்பு சுட ஆரம்பித்ததும் அதற்கு ஜுரம் என்று நினைத்திருக்கிறாள். ஜுரம் வந்தால் போர்த்திவிட வேண்டும், அவள் அம்மா அவளுக்கு அப்படித்தான் செய்வாள், அதனால் இரண்டு போர்வையைச் சுற்றிக் கட்டிப்பிடித்துப் படுத்துவிட்டாள். அப்புறம் கை சூடு பொறுக்காமல் அதை அப்பாவிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், அப்பா, சிணுங்கிக்கு ஜுரம் ஜாஸ்தியாயிடுச்சுப்பா என்று. ஓட்டுநர் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர், சூடு என்றால் அவருக்குத் தெரியும், பேட்டரியைப் பிடுங்கினால் அடங்கிவிடும் என்று உடனே திருப்பிப் பார்த்திருக்கிறார். கடையில் வாங்கும்போது அதற்கு அடியில் ஒரு மூடி உண்டு, ஒரே ஸ்க்ரூ. நான்தான் அந்த மூடியை எடுத்துவிட்டேனே. மருத்துவமனை வராந்தாவில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தம்பி, முதுகைத் தடவுறேன், வாலைத் தூக்குறேன், காலைப் பிரிச்சுப் பாக்குறேன், எங்க பாத்தாலும் முடிதான் தம்பி, தையலே கிடைக்கல, நான் அமுக்க அமுக்க அது கெக்கெக்கேன்னு சிரிக்குது. வயிற்றை அமுக்கினால் சிரிக்கும், ஞாபகம் இருக்கிறதா, அந்த சுவிட்சைச் சுத்தம் செய்ய வினிகரும் பஞ்சும் எடுத்து வரச் சொல்லி உனக்குப் பாடம் எடுத்தேனே, அதே சுவிட்ச்தான். அவர் தேடும்போது குழந்தை அதன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள், ஜுரக்காரனை விட்டுவிடக் கூடாது என்று. வால் பக்கம் புஸ்ஸென்று பிளந்துவிட்டது. குழந்தையின் வலது கை வெந்துவிட்டது, முழங்கை வரை. சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் இனி நிமிருமா என்று டாக்டர் சொல்லவில்லை, நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் வேறு எதையோ பேசினார். ஓட்டுநரின் மனைவி என்னைத் திட்டவில்லை. நீங்க ரொம்ப நல்லா தைச்சிருந்தீங்க தம்பி, என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். அதற்குப் பதிலாக நாலு அறை கொடுத்திருக்கலாம்.

எங்கே தப்பு என்று உனக்குத் தெரிய வேண்டும், நீயும் இதே வேலையைச் செய்ய ஆசைப்படுகிறவள். தோலை உரித்து ஷாம்பூ தண்ணீரில் ஊறப்போட்டு, காற்றில் காயவைத்து, சீப்பால் வாரி, கண்ணை மாற்றி, காதுக்குச் சாயம் போட்டதில் எந்தத் தப்பும் இல்லை. நாலு பேட்டரி போடுகிற இடத்தில் பழைய போனிலிருந்து எடுத்த செல்லை வைத்தேன். ஒவ்வொரு செல்லையும் சார்ஜ் ஏற்றி, இறக்கி, சூடு பார்த்துத்தான் வைத்தேன். ஆனால் மேஜைமேல், தோல் இல்லாமல், மின்விசிறிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பொம்மை அப்படியா வாழப்போகிறது? அது ரோமத்துக்குள், ரோமம் போர்வைக்குள், போர்வை ஒரு குழந்தையின் கைக்குள். இதை யோசிக்க டிப்ளமா வேண்டாம், ஐந்து நிமிஷம் பொறுமை போதும், அது என்னிடம் இல்லை. அடுத்தது அந்தத் தையல். மூடி அசிங்கமாகத் தெரிகிறது என்று எடுத்துவிட்டு, உள்பக்கமாக நூலை இழுத்து, மேலே ரோமத்தை வாரிவிட்டு மறைத்தேன். என் அறையில் கூட இருக்கும் பெயின்டரிடம் ஒவ்வொன்றையும் கொடுத்து எங்கே தைத்திருக்கிறேன் கண்டுபிடி பார்க்கலாம் என்று பந்தயம் கட்டுவேன், ஒரு தடவைகூட அவன் ஜெயிக்கவில்லை. அவன்தான் எப்போதும் கிண்டல் செய்வான், உன் ரூமுக்குள்ள வந்தா பிணவறைக்குள்ள வந்த மாதிரி இருக்குய்யா, ஒருத்தனுக்கும் தோலைக் காணோம் என்று. கொடுத்த வீடுகளிலிருந்து திரும்ப வாங்கி வந்த பதினொன்றையும் எங்கே பிரிப்பது என்று எனக்கே தெரியவில்லை, தைத்தவனுக்கே தெரியவில்லை. அவன் டார்ச் பிடித்தான், நான் ரோமத்தை ஊதி ஊதித் தேடினேன். அதில் மூன்று செல் உப்பியிருந்தது. மூன்று.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை போனில் நான் கொட்டாவி எங்கே என்று கேட்டதும், அதைத் தூக்கிப் போட்டுட்டேன்பா, குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு, என்றாய். சொல்லி முடிக்கும் முன்னால் பின்னாடி ஒரு கொட்டாவி கேட்டது. கம்பெனி கொடுத்த கொட்டாவி எலி கத்துவதுபோல் கீச்சென்று இருந்தது, ரெசிஸ்டரை மாற்றி அதைக் குண்டு மாமா விடுகிற கொட்டாவியாக ஆக்கினது நான். அந்தக் கொட்டாவிக்கு அப்பன் நான், என்னிடமே பொய்யா? இன்னொன்றும் சொல்கிறேன், அது வெளிச்சத்தில் கொட்டாவி விடாது, கண்ணுக்கு மேலே இருக்கும் சென்சார் இருட்டானால்தான் விடும். ஆக நீ பேசிக்கொண்டே அதை எதற்குள்ளோ திணித்திருக்கிறாய். சத்தம் அமுங்கித்தான் வந்தது, எனவே துணிக்குள். எங்கே வைக்கக் கூடாதோ சரியாக அங்கே. அந்த நிமிஷமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், காட்டிக்கொடுத்தேன் என்று வைத்துக்கொள், பரவாயில்லை. அவள் வீட்டிலிருக்கும் சார்ஜர் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு உன் அறையைப் புரட்டிப் போட்டும் கிடைக்கவில்லை. ஒளித்து வைப்பதில் நீ என் மகள்தான். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டாள். பொம்மைக்கு உயிர் குடுக்கத் தெரியுது, பெத்த பொண்ணை வந்து பாக்கத் தெரியல, அதைப் புடுங்கிக்கிட்டா அவகிட்ட உன்னோடதுன்னு என்ன மிச்சம் இருக்கு? மூன்று லீவுக்கு வருகிறேன் என்று சொன்னேன், மூன்றுக்கும் வரவில்லை, வராமல் பொம்மைக்குள் என் குரலைப் பதித்து அனுப்பினேன். தூங்கிட்டியா எறும்பு, அப்பா இங்கதான் இருக்கேன். எட்டு விநாடி. அது சுத்தப் பொய், எறும்பு. அப்பா அங்கே இல்லை. அங்கே இருப்பது என் குரலைப் பதித்த தீப்பெட்டி அளவு சர்க்யூட் பலகையும், ஒரு ஸ்பீக்கரும், என்றைக்கு வெடிக்கும் என்று எனக்கே தெரியாத ஒரு செல்லும்தான். அந்தக் குரல் பலகைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு கம்பியைச் சூடு காட்டிக் கழற்றினால் பத்திரமாக வெளியே வந்துவிடும், அதனால் அழாதே. ஆனால் உன் கை அப்படி வராது. கீழ்வீட்டுக் குழந்தையை நேற்றுப் பார்த்தேன். கட்டைத் தூக்கிக் காட்டி, மாமா, சிணுங்கிக்கும் கட்டுப் போட்டாச்சா என்று கேட்டாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, சிணுங்கி எரிஞ்சு போச்சும்மா என்று சொல்லிவிட்டேன். அவள், நான் சரியா போர்த்தல, அதான், என்றாள். இல்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அவள் நம்பவில்லை. அந்தக் குழந்தை அந்த நினைப்போடுதான் வளரும், அதையும் நான்தான் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. பல் கம்பியைக் கழற்றி வைக்காதே. அம்மாவிடம் முகத்தைத் தூக்காதே, இந்த விஷயத்தில் அவள் பக்கம்தான் நியாயம், இதை எழுத எனக்குக் கை வலிக்கிறது. நீ பத்து விரலோடு பெரியவளாகி, என்னைவிடப் பொறுமைக்காரியாகி, நன்றாக இரு, எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இன்னும் பாத்திரத்தில் வைக்கவில்லையென்றால் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுப் போ.

உன் அப்பன்,
கொட்டாவிக்கும் அப்பன்.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று காலை கம்பெனியில் லீவு கேட்பேன். கொடுக்கவில்லையென்றால் கேட்காமல் எடுத்துக்கொள்வேன்.

2. ஓட்டுநர் வீட்டுக்குப் போய், இரண்டு விரல் விஷயத்தில் பெரிய டாக்டரைப் பார்க்க அவர்களோடு கிளம்புவேன். கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன்.

3. பதின்மூன்றாவது பொம்மையை வாரச்சந்தையில் தள்ளுவண்டிக் குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன், பெயர்கூடக் கேட்கவில்லை. சந்தை கூடுகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பொம்மையின் படத்தைப் பெரிதாக ஒட்டிய அட்டையோடு அங்கே நிற்பேன், அவள் கிடைக்கிற வரைக்கும்.

4. வெள்ளிக்கிழமை ரயிலேறி, சனிக்கிழமை காலை உன் வீட்டு மணியை அடிப்பேன். டிக்கெட் எடுத்தாயிற்று, படத்தை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன், என் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

5. கொட்டாவியைப் பால்கனியிலேயே பிரித்து செல்லை நான் எடுப்பேன், மணல் வாளி என் பக்கத்தில் இருக்கும், நீ கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நிற்பாய். குரல் பலகையை உன் கையில் கொடுப்பேன். பிறகு பழைய மூடியையே மாட்டி, சிவப்பு நூலில், பெரிய பெரிய தையலாக, ஐந்து வயதுக் குழந்தைகூட ஒரே இழுப்பில் பிரிக்கிற மாதிரி, நீ தைப்பாய்.