வெறுங்கையால்

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எபோலா வந்த நாட்டுக்காரி என்று அறிந்த அன்று, நீ தந்த மாம்பழத்தைக் குளோரின் தண்ணீரில் கழுவித் தின்றவள் நான். இன்று இந்த இத்தாலி நகரத்தின் கால்சாப் பகுதியில், நாம் சேர்ந்து துடைத்த படிக்கட்டைத் தனியாகத் துடைக்கும்போது அந்தக் குளோரின் மணம் மூக்கில் ஏறியது. உன் சிரிப்பும் கூடவே வந்தது.

நீ அதைக் கண்டுவிட்டாய். கோபிப்பாய் என்று நினைத்தேன். நீயோ மோந்து பார்த்துவிட்டு, "எடி, கலந்தது பிழை. கைக்கு மெல்லிசாக் கலக்கோணும், தரைக்குத்தான் தடிப்பு. மாம்பழத்துக்கு ஒண்டுமே வேண்டாம். அந்த எபோலா வருத்தம் எங்கடை ஊரை விட்டுப் போய் எத்தினை வருசம்!" என்றாய். நீ பேசியது உடைந்த இத்தாலியன். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

"எப்பிடியடி துரத்தினியள்? தடியாலையோ?" என்று கேட்டேன்.

"தடியடி எங்களுக்குத்தான் விழுந்தது."

காங்கோவில் ஓர் ஆற்றின் பெயரை அந்த நோய்க்கு வைத்தார்களாம். நாற்பது வருடமளவாகக் காட்டோரக் கிராமங்களில் தலைகாட்டி மறைந்தது, உங்கள் சியரா லியோனில் நகரத்துக்குள்ளேயே இறங்கியது. நோயாளியைத் தொட்டவர்களைக் கொப்பியில் எழுதி, இருபத்தொரு நாள் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்ப்பது உன் வேலை. அதையெல்லாம் ஊர் பொறுத்தது. செத்தவரைக் குளிப்பாட்டாதே என்றதும் தடியைத் தூக்கியது. அந்த உடம்பில்தான் நோய் ஆகக் கூடுதலாம். ஊரோ பிணத்தை ஒளித்துக் குளிப்பாட்டியது, குளிப்பாட்டியவர்களும் விழுந்தார்கள். எனக்கு அது விளங்கியது. நாங்களும் குளிப்பாட்டாமல் ஒருவரையும் அனுப்பமாட்டோமே.

பிறகு உன் அம்மாவே அந்த நோயில் போனா. ஊருக்குப் புத்தி சொன்னவள் தன் தாய்க்கு என்ன செய்யப் போகிறாள் என்று எல்லோரும் பார்த்து நின்றார்கள். நீ தொடவில்லை. அம்மாவின் நல்ல துணியொன்றை, அடக்கம் செய்ய வந்தவர்களிடம் எட்டி நின்று நீட்டினாய். அதை உடம்போடு வைத்து மூடினார்கள்.

"அண்டைக்குப் பிறகு எங்கடை ஊரிலை ஒருத்தரும் பிணத்தை ஒளிக்கேல்லை," என்றாய்.

கடைசி நோயாளிக்குப் பின் நாற்பத்திரண்டு நாள் புதிதாக ஒருவரும் விழாவிட்டால் நோய் முடிந்தது என்று கணக்கு. அன்று நாடே தெருவில் ஆடியதாம். படி கூட்டும் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு அந்த ஆட்டத்தை நீ ஆடிக் காட்டினாய். மூன்றாம் மாடி வீட்டு இத்தாலிய அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கை தட்டினா. "இப்ப தடுப்பூசியும் வந்திட்டுது! இனி வந்து பாக்கட்டும்!" என்று இன்னுமொரு சுற்று ஆடினாய்.

மூச்சு வாங்கியபடி கேட்டாய்: "நான் செத்தால் நீ குளிப்பாட்டுவியோ? அம்மாவுக்கு நான் செய்யேல்லை."

"முதல் செத்துக் காட்டு, பிறகு பாப்பம்," என்றேன். என் வாய் உனக்குத் தெரியும்தானே.

இந்த வசந்தத்தில் உன் இதயம் நின்றது. உங்கள் ஊர்ப் பெண்கள் இருவரும் நானும் உன் வீட்டிலேயே உன்னைக் குளிப்பாட்டினோம். கையுறை இல்லை, முகமூடி இல்லை, எட்டி நிற்கச் சொல்ல ஆளில்லை. தலைமுடி முதல் கால்விரல் இடுக்கு வரை வெறுங்கையால் தேய்த்தோம். நீ துரத்திய வருத்தமல்லவா, ஒருவருக்கும் பயமில்லை. வென்றுவிட்டாயடி! உன் முதுகின் குளிர்ச்சி என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. பதக்கம் வாங்கியவள் மாதிரி அதோடுதான் திரிகிறேன்.

அன்று உன் வீட்டை விட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒரே மாதிரி மூன்று சோடி நீலச் செருப்பு, மூன்றும் பல்லரோச் சந்தையில் வாங்கினவை. காலை நுழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். இரண்டும் இடக்கால் செருப்பு.