மதர்போர்டில் செருகிய ஒயர்

வியாழன், இரவு.

இன்று, சித்தூரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் ஒருவர், தன் சிஸ்டத்தைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு நான் வேலை செய்யும் திருப்பதி கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். தன் பழைய கிராபிக்ஸ் கார்டையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாராம். ஓனர் அவருடைய சிஸ்டத்திலும் புது கார்டு போட்ட கடை சிஸ்டத்திலும் ஒரே வீடியோவை ஓடவிட்டார். புதியதில் வழுக்கிக்கொண்டு போனது. பழையதில் திக்கித் திக்கி நின்றது.

“இன்னாண்ணா இது, வீட்ல நல்லாதானே ஓடிக்கினு இருந்துச்சி?”

“வயசாயிடுச்சி நைனா. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு எடுத்துக்கினு போ” என்றார் ஓனர்.

சித்தூர்க்காரர் சிஸ்டத்தின் பின்னால் எட்டிப் பார்த்தேன். மானிட்டர் ஒயரை அவருடைய கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தார் ஓனர். படம் கார்டு வழியாக வரவே இல்லை; அந்தக் கார்டு வேலையே செய்யவில்லை. நான் வாய் திறப்பதற்குள் என்னை டீ வாங்கி வர அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது புதுப் பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தூர்க்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் டீயை நீட்டினேன்.

கடை மூடும்போது ஓனர் அந்தப் பழைய கார்டைத் துணியில் பத்திரமாகச் சுற்றித் தன் பையில் வைத்தார்.

“என் பையனுக்கும்மா. இந்த மாதிரி கார்டு இப்போ எங்க கெடைக்குது?”

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். சீ.