நல்லா இருக்கோம் என்று சொல்லிவிட்டேன்

ஐப்பசி 14, வியாழன், ராத்திரி

முந்திரி உடைக்கிற எங்கள் தெருப் பெண்களுக்குக் கொட்டை எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகிறது. அதற்கு வைத்தியம் பார்க்க, சிதம்பரத்தில் படிக்கிற என் பேத்தி கயலும் கூட்டாளிப் பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தில் நிதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அதை விசாரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்றைக்கு ஓர் அம்மா வந்தார்.

"கையில புண்ணுன்னு எழுதியிருக்காங்களே, நெசமா?"

தெரியாதவரிடம் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஒரு கொறையும் இல்ல, நல்லா இருக்கோம்" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"மகாராணி கணக்கா பேசிட்டியேக்கா, இனிமே மருந்து யாரு தருவா?" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலை.

சாயங்காலம் கயல் போனில் அழுதாள். "அப்ப நாங்க பொய்யா எழுதனோம் ஆயா? நாளைக்கு மத்தியானம் முடிவு பண்ணிடுவாங்க."

அஞ்சலைக்கு விரல் மடங்காது. மகள்தான் சோறு ஊட்டுகிறாள். என் வீம்புக்கு அவள் ஏன்...

விடிந்ததும் கடலூர் போய்ச் சிதம்பரம் பஸ் பிடிக்க வேண்டும். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை. எப்படியாவது கண்டுபிடித்துக் காலில் விழுந்துவிடுவேன். இதுவரை யார் காலிலும் விழுந்ததில்லை நான்.