புதுப் பெட்டிக்குப் போகாத டிஸ்க்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்தே மூடுபனி. ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து கேட் கூடத் தெரியவில்லை.

வேலை: நோயாளிகள் பதிவு ஓடும் மெய்நிகர் கணினியின் (இனி வி.எம்.) டிஸ்க்கைப் பழைய சேமிப்புப் பெட்டியிலிருந்து புதியதற்கு மாற்றுவது. பழையது சாகக் கிடக்கிறது. நிறுத்திவிட்டு மாற்ற டாக்டரம்மா விடமாட்டார். செம்மநத்தம் பஸ் வந்தால் டோக்கன் கூட்டம். ஓட ஓடவே மாற்றியாக வேண்டும். உள்ளே ஒன்பது வருஷ நோயாளிச் சீட்டு. பேக்கப்பும் பாதியில் நிற்கிறது. போனால் போனதுதான்.

11.20 தொடக்கம். 3 மணிக்கு 62%. அப்புறம் நத்தை வேகம். 4.10க்குத் திரையில் புதுப் பெட்டியையே காணோம், மாற்றம் ரத்து. வி.எம். பழைய டிஸ்க்கிலேயே ஓடுகிறது, நல்லவேளை.

விற்றவன் ஏதோ பழைய பெட்டியைத் துடைத்துப் புதுசென்று கொடுத்துவிட்டானா?

நவ. 12, புதன்

மறுபடி முயற்சி. 58%இல் ரத்து. அதே மதிய நேரம்!

புதுப் பெட்டி இருப்பது ஸ்டோர் ரூம் மர அலமாரியில். ரூம் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று ஸ்டோர் பார்க்கும் ஸ்டெல்லா அக்காவிடம். நேற்று மதியம் உள்ளே போனார். இன்றும். வெறுங்கையோடு வெளியே வந்தார்.

"எதுக்குக்கா போனீங்க?"

"சும்மா பாத்துட்டு வந்தேன் கண்ணு."

சும்மாவாம். கம்ப்யூட்டர் வந்து நோட்டெல்லாம் போச்சே என்று புலம்பியவர்தானே. ஒயரைப் பிடுங்கியிருப்பாரோ? சாயங்காலம் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் அவர் அக்காவின் சாவியை வாங்கி என்னிடம் தந்தார். அக்கா தலையைக் குனிந்தபடி வெளியே போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவ. 13, வியாழன்

காலையில் அலமாரியைத் திறந்தேன். அனல். பெட்டியைத் தொட்டதும் கை சுட்டது. அதன் பின்னால் குண்டு பல்பு, எரிந்தபடி. பூஞ்சை பிடிக்காமல் இருக்க எங்கள் வீட்டு பீரோவிலும் இதே பல்புதான். அக்கா மதியம் போட்டு, சாயங்காலம் அணைத்து வந்திருக்கிறார்; அந்தச் சூட்டில்தான் பெட்டி தானே அணைந்திருக்கிறது. நேற்று அணைக்கவிடாமல் சாவியைப் பறித்தது நான்.

பல்பைக் கழற்றி, கதவைத் திறந்துவைத்து, சூடு ஆறியபின் 10க்குத் தொடக்கம். 2.45க்கு 100%. வி.எம். புதுப் பெட்டியில். டோக்கன் வரிசை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நம்பாமல் மூன்று தடவை சரிபார்த்தேன். எல்லாச் சீட்டும் இருக்கிறது.

சாவியோடு அக்காவிடம் போனேன். பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். பல்பைப் பற்றிச் சொன்னேன்.

"பனி நொம்ப இருக்குதுன்னு போட்டனுங்க. புதுப் பெட்டியாச்சுங்களே."

மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்கோங்க மேடம்."

ஏழு வருஷத்தில் என்னை மேடம் என்றது இன்றுதான்.